மூத்த பேராசிரியர் தேவை: பள்ளி உளவியலில் ஒரு பதவியின் வரலாறு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று பள்ளி உளவியலுக்கும் மாணவர் மனநலத்துக்கும் மூத்த பேராசிரியர் ஒருவரைத் தேடும்போது, அதன் விளம்பரம் கேட்பவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முனைவர் பட்டம் வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளின் நீண்ட பட்டியல் வேண்டும். வெளியிலிருந்து ஆய்வு நிதி பெற்றுவந்த வரலாறு வேண்டும். துறையை வழிநடத்தும் ஆற்றலும், பிற பல்கலைக்கழகங்களில் அறியப்பட்ட பெயரும் வேண்டும். பள்ளிகளில் குழந்தைகளோடு வேலை செய்த அனுபவம் இருந்தால் அதுவும் கவனிக்கப்படும்.

அங்கே உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று மூன்று படிகள். முதல் படியில் சேர்பவர் ஆறேழு ஆண்டுகள் உழைத்துப் பணி நிரந்தரம் பெற வேண்டும். மூத்த பதவிக்கு வருபவரோ பெரும்பாலும் நிரந்தரத்தோடுதான் உள்ளே வருகிறார். யாருக்கு முனைவர் பட்டம் தருவது, அடுத்து யாரை வேலைக்கு எடுப்பது, பள்ளிக்கூடங்களுக்குப் போகும் உளவியலாளர் என்ன படித்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவுசெய்யும் மேசையில் அவருக்கு ஓர் இடம் உண்டு. ஆகவே ‘மூத்தவர்’ என்ற சொல்லுக்கு யார் என்ன பொருள் கொடுத்தார்கள் என்று கேட்பது நம் வேலை. இத்துறையில் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை மூன்று பெண்களின் வேலை தேடலின் வழியே சொல்லலாம். ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். ஒருவரை எடுக்கவே இல்லை. மூன்றாமவரை எடுக்க மறுத்தார்கள். அவர் வேலைக்கு எடுக்கும் முறையையே மாற்றவைத்தார்.

ஓர் ஆசிரியை கொண்டுவந்த சிறுவன்

1896இல் ஃபிலடெல்ஃபியாவில் மார்கரெட் மக்வயர் என்ற பள்ளி ஆசிரியை, எழுத்துக் கூட்டத் தெரியாமல் தவித்த 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவந்தார். அவன் முட்டாள் இல்லை, ஆனாலும் எழுத்து வரவில்லை, ஏன் என்பது அவருடைய கேள்வி. உளவியல் என்று ஒன்று இருந்தால் இதற்கு அது உதவ வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். அச்சிறுவனைச் சோதித்த லைட்னர் விட்மர் அதே ஆண்டில் உலகின் முதல் உளவியல் மருத்துவகத்தைத் தொடங்கினார். பாடப்புத்தகங்கள் விட்மரை இத்துறையின் தந்தை என்கின்றன. கேள்வியைக் கொண்டுவந்த ஆசிரியைக்கு அப்படி ஓர் உறவுப் பெயர் கிடைக்கவில்லை.

வேலை பிரிந்த விதம் இதிலேயே தெரிகிறது. குழந்தையைத் தினமும் பார்ப்பவர், இவனுக்கு ஏதோ சிக்கல் என்று கண்டுகொள்பவர், சோதனைக்குப் பிறகும் அவனை வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுப்பவர் ஆசிரியை. அதற்குப் பெயர் வைத்து, எழுதி, பட்டம் கொடுக்கும் இடம் பல்கலைக்கழகம். 1915இல் கனெக்டிகட் மாநிலக் கல்வி வாரியம் ஆர்னால்ட் கெசலைப் பள்ளி உளவியலாளராக நியமித்தது. அமெரிக்காவில் அந்தப் பதவிப் பெயரை முதலில் பெற்றவர் அவர் என்பார்கள். அவர் அதே சமயத்தில் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் இருந்தார். பள்ளி, பல்கலைக்கழகம் இரண்டிலும் ஓர் ஆண் ஒரே நேரத்தில் கால் வைக்க முடிந்தது. பெண்களுக்கு ஒரு கதவு திறந்தால் இன்னொன்று சாத்தப்பட்டது. சிலருக்கு இரண்டுமே சாத்தப்பட்டன.

மணமானவள் என்பதால் வேலை இல்லை

லீட்டா ஸ்டெட்டர் 1886இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தார். 1906இல் பட்டம் பெற்று, அங்கேயே சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்தார். 1908இன் கடைசி நாளில் ஹாரி ஹாலிங்வர்த்தை மணந்து நியூயார்க்கில் குடியேறினார். அங்கே அவர் ஆசிரியை வேலைக்குப் போக முடியவில்லை. நியூயார்க் பள்ளிகள் மணமான பெண்களைப் புதிதாக வேலைக்கு எடுப்பதில்லை. திருமணம் செய்துகொண்டதற்காக ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியையை நீக்கக் கூடாது என்று 1904இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் மணமான பிறகு விண்ணப்பிக்கும் பெண்ணை அந்தத் தீர்ப்பு காப்பாற்றவில்லை. பிள்ளை பெறுவதும் அங்கே குற்றமாகத்தான் இருந்தது. பிரசவத்துக்காக வராமல் இருந்த பிரிட்ஜெட் பெய்ஷோட்டோ என்ற ஆசிரியையைக் ‘கடமை தவறியவர்’ என்று 1913இல் நீக்கினார்கள். மாநிலக் கல்வி ஆணையர் தலையிட்டு 1915இல்தான் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

லீட்டா சமைத்தார், தைத்தார், சிறுகதைகள் எழுதி அனுப்பினார். கதைகள் விலைபோகவில்லை. மேல்படிப்புக்குப் பணம் இல்லை. அந்தப் பணம் வந்த வழி விசித்திரமானது. கோகோ கோலாவில் உள்ள காஃபீன் உடலுக்குக் கேடு என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டிருந்தது. காஃபீன் மனிதரின் செயல்திறனை எப்படிப் பாதிக்கிறது என்று சோதித்துத்தரும் வேலையை அந்த நிறுவனம் 1911இல் ஹாரியிடம் ஒப்படைத்தது. லீட்டா சோதனைகளை அன்றாடம் நடத்தும் துணை இயக்குநராக இருந்தார். அதில் வந்த ஊதியத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1913இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அவருக்கு முதலில் கிடைத்த வேலை பல்கலைக்கழகத்தில் இல்லை. ‘மனவளர்ச்சி குன்றியவர்கள்’ என்று அன்று அழைக்கப்பட்டவர்களைச் சோதித்துப் பிரிக்கும் நகர நிறுவனத்தில், விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாள். 1914இல் நகர அரசுப் பணிக்கான போட்டித் தேர்வில் முதலிடம் பெற்று, நியூயார்க் நகர அரசுப் பணியின் முதல் உளவியலாளரானார். தேர்வுத்தாளில் மணமானவளா என்ற கேள்விக்கு மதிப்பெண் இல்லை. அதனால்தான் அங்கே அவர் நுழைய முடிந்தது.

அதே ஆண்டுகளில் அவர் செய்த ஆய்வுகள் இரண்டு. மாதவிடாய் நாட்களில் பெண்ணின் அறிவும் கையும் தடுமாறும், ஆகவே பொறுப்பான பதவிகளுக்கு அவள் தகுதியற்றவள் என்பது அன்று மருத்துவர்கள் சொல்லிவந்த ‘அறிவியல்’. லீட்டா பெண்களை மாதக்கணக்கில் நாள்தோறும் சோதித்தார். அப்படி ஒரு சரிவு எதுவும் அவருடைய அளவீடுகளில் தென்படவில்லை. இதுவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. இன்னொரு நம்பிக்கையும் அன்று இருந்தது: ஆண்களிடையே வேறுபாடு அதிகம், அதனால் மேதைகளும் ஆண்களே, பெண்கள் எல்லாரும் நடுத்தரம். லீட்டாவும் ஹெலன் மாண்டேக் என்ற சகாவும் ஒரு மருத்துவமனையில் 1,000 ஆண் குழந்தைகளையும் 1,000 பெண் குழந்தைகளையும் பிறந்தவுடன் அளந்த பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஆண் குழந்தைகளிடையே வேறுபாடு அதிகம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பெரிய சாதனைகளில் பெண்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் தேட வேண்டிய முதல் இடம், பிள்ளை வளர்ப்பும் வீட்டு வேலையும் அவர்கள் தலையில் மட்டுமே விழுவது என்று 1914இல் எழுதினார்.

இந்த இரண்டாவது நம்பிக்கையை ஆதரித்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் தார்ன்டைக். லீட்டாவின் ஆய்வு நெறியாளரும் அவரே. தன் கருத்தை மறுத்த மாணவிக்கு அவர் 1916இல் முனைவர் பட்டம் கிடைக்கச் செய்தார். கொலம்பியாவின் டீச்சர்ஸ் கல்லூரிக்கு வேலைக்கும் அழைத்தார். இதை அவருடைய நேர்மைக்குச் சான்றாகச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்த இடம் எப்படிக் காலியானது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே கல்வி உளவியல் கற்பித்துவந்த நவோமி நார்ஸ்வர்த்தி அதே 1916இல் 40 வயது நிறையுமுன் இறந்துபோனார். ஒரு பெண்ணின் இடம் காலியானபோது அது இன்னொரு பெண்ணுக்குப் போனது. ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரி என்பதால் அங்கே பெண்கள் இருப்பது யாருக்கும் உறுத்தவில்லை. ஆய்வகமும் புகழும் இருந்த உளவியல் துறைகளில் அந்த இடம் கிடைப்பது அரிது.

1919இல் உதவிப் பேராசிரியர், 1922இல் இணைப் பேராசிரியர், 1929இல் பேராசிரியர். பின்தங்கிய குழந்தைகள், மிகுந்த திறனுள்ள குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் என்று மூன்று குழுக்களைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் பல்கலைக்கழகங்களில் பாடமாயின. பள்ளிக்கூடத்துக்குள் வகுப்பு அமைத்து ஆய்வு செய்தார். 1939இல் 53 வயதில் இறந்தார்.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. பெண் பிறப்பால் தாழ்ந்தவள் என்ற வாதத்தை எண்களால் உடைத்த அவர், அறிவு பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்று நம்பினார். நல்ல பரம்பரையைப் பெருக்குவது, மற்றதைக் குறைப்பது என்ற அன்றைய இனமேம்பாட்டுச் சிந்தனைக்கும் அவரிடம் இடம் இருந்தது. மேசையில் ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்தால் எல்லாக் குழந்தைகளுக்கும் நீதி கிடைத்துவிடாது. அந்த மேசையில் இன்னும் யார் யார் உட்கார வேண்டும் என்ற கேள்வி பாக்கி இருந்தது.

வெளியே நின்றவர்

லீட்டா இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1943இல், அதே கொலம்பியாவில் மேமி ஃபிப்ஸ் கிளார்க் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே உளவியலில் அப்பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவர். முதலாமவர் அவருடைய கணவர் கென்னத். கறுப்பினக் குழந்தைகள் தம்மைப் பற்றிய உணர்வை எந்த வயதில், எப்படி அடைகிறார்கள் என்பதை மேமி தன் முதுகலை ஆய்விலேயே எடுத்துக்கொண்டிருந்தார். பின்னாளில் ‘பொம்மைச் சோதனை’ என்று உலகறிந்த ஆய்வுகளுக்கு வேர் அதுதான்.

பட்டம் பெற்ற பிறகு வேலை கிடைக்கவில்லை. உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண் என்பவள் அன்றைய நியூயார்க்கில் எவருக்கும் தேவைப்படாத விதிவிலக்கு என்பதை உணர்ந்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். செவிலியர் பற்றிய புள்ளிவிவரங்களைப் பகுத்துக்கொடுக்கும் வேலை ஒன்று கிடைத்தது. பிறகு வீடற்ற கறுப்பினச் சிறுமிகள் தங்கிய ஓர் இல்லத்தில் சோதனைகள் நடத்தினார். கென்னத் 1942இலேயே நியூயார்க் சிட்டி கல்லூரியில் ஆசிரியரானார். 1960இல் அங்கே நிரந்தரப் பேராசிரியரான முதல் கறுப்பினத்தவரானார். ஒரே வீடு, ஒரே பல்கலைக்கழகம், ஒரே பட்டம். ஆனால் மேமிக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை.

1946இல் தன் தந்தையிடம் 946 டாலர் கடன் வாங்கி, ஹார்லெமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலவறையில் கணவரோடு சேர்ந்து ஒரு மையத்தைத் தொடங்கினார். அதுவே நார்த்சைட் மையம். வந்த பெற்றோர் பலரின் புகார் ஒன்றுதான்: எங்கள் பிள்ளையை அறிவு குன்றியவர்களுக்கான வகுப்பில் போட்டுவிட்டார்கள். மையம் அந்தக் குழந்தைகளை மறுபடி சோதித்தது. அவர்களில் பெரும்பாலோரின் நுண்ணறிவு ஈவு, அந்த வகுப்புகளுக்குச் சட்டம் வைத்திருந்த எல்லைக்கு மேலே இருந்தது. அவர்களை அங்கே வைத்திருந்ததே சட்டவிரோதம். லீட்டா எந்தச் சோதனைகளை நடத்தி நகர அரசுப் பணியில் நுழைந்தாரோ, அந்த வகைச் சோதனைகள் கறுப்பினக் குழந்தைகளை ஒதுக்கப் பயன்பட்டதை மேமி அதே வகைச் சோதனைகளைக் கொண்டே காட்டினார்.

அவருடைய நெறியாளர் ஹென்றி காரெட், வெள்ளையர் அறிவில் உயர்ந்தவர் என்று நம்பியவர். கொலம்பியா உளவியல் துறையின் தலைவர். 1946இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரும் அவர்தான். 1952இல் வர்ஜீனியா மாநிலத்தில் பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்து நடந்த வழக்கில், பிரிவினைக்கு ஆதரவாக அவர் சாட்சி சொன்னார். அவரை மறுத்துச் சாட்சி சொல்ல வழக்கறிஞர்கள் அழைத்தது மேமியைத்தான். நெறியாளரின் பக்கம் துறைத்தலைவர் பதவி. மாணவியின் பக்கம் நிலவறையில் தொடங்கிய மையமும் அங்கே வந்த குழந்தைகளும். இந்த வழக்கும் சேர்ந்துதான் 1954இல் உச்ச நீதிமன்றத்தின் பிரவுன் தீர்ப்பு வந்தது. பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பில் உளவியல் சான்றாகக் கென்னத் கிளார்க்கின் பெயர் இருக்கிறது. மேமியின் பெயர் இல்லை.

தீர்ப்பு வந்த அதே 1954இல், ஆகஸ்ட் மாதம், வெஸ்ட் பாயிண்டில் உள்ள தேயர் விடுதியில் பள்ளி உளவியலின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க ஒரு மாநாடு கூடியது. முனைவர் பட்டம் பெற்ற பள்ளி உளவியலாளர் ஒரு படி, அதற்குக் கீழே இரண்டாண்டு மேல்படிப்பு முடித்த சோதனையாளர் ஒரு படி என்று அது பரிந்துரைத்தது. தரத்தை உயர்த்துவதே நோக்கம். ஆனால் வேலையையும் வீட்டையும் விட்டுப் பல ஆண்டுகள் படிக்கப் போக முடியாதவர் யார், கீழ்ப்படியிலேயே நின்றுவிடக்கூடியவர் யார் என்று பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேமி 1979 வரை, 33 ஆண்டுகள், நார்த்சைட் மையத்தை நடத்தினார். மாணவர் மனநலம் என்று இன்று விளம்பரங்கள் சொல்லும் வேலை அதுதான். அந்த 33 ஆண்டுகள் ஒரு தேர்வுக்குழுவின் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்பப்பட்டிருக்கும்?

‘பெண்ணுக்கு இவ்வளவு வேகம் ஆகாது’

அந்தக் காலத்தில் படிவமே இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேராசிரியர் பதவிகள் பலவும் விளம்பரம் இல்லாமலேயே நிரம்பின. துறைத்தலைவர் தனக்குத் தெரிந்த இன்னொரு துறைத்தலைவருக்கு எழுதுவார். நல்ல பையன் ஒருவன் இருந்தால் சொல்லுங்கள் என்பார். கணவன் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் மனைவியை எடுக்கக் கூடாது என்ற உறவினர் விதியும் பல இடங்களில் இருந்தது. எழுத்தில் அது இருபாலருக்கும் பொது. நடப்பில் வெளியே நின்றது மனைவி.

1969இல் பெர்னிஸ் சாண்ட்லர் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் உளவழித்துணைத் துறையில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே பகுதிநேரமாகக் கற்பித்துவந்தார். அவருடைய துறையில் ஏழு இடங்கள் காலியாக இருந்தும் ஒன்றுக்குக்கூட அவர் பெயர் பேசப்படவில்லை. ஏன் என்று ஓர் ஆண் சகாவிடம் கேட்டபோது, தகுதி இருக்கிறது, ஆனால் ஒரு பெண்ணுக்கு ஆகாத வேகம் உங்களிடம் இருக்கிறது என்ற பொருளில் பதில் வந்தது. இன்னோரிடத்தில், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பெண்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள் என்றார்கள். வேறோர் இடத்தில், நீங்கள் படிக்கத் திரும்பிய குடும்பத்தலைவிதானே என்றார்கள். மனிதர்களின் மனக்கவலையைக் கேட்டு ஆற்றுப்படுத்தக் கற்றுத்தரும் துறையில் பட்டம் பெற்ற பெண் எதிர்கொண்ட பதில்கள் இவை.

சாண்ட்லர் நூலகத்துக்குப் போய்ச் சட்டங்களைப் படித்தார். குடியுரிமை ஆணையத்தின் அறிக்கை ஒன்றின் அடிக்குறிப்பில் அவருக்கு வழி கிடைத்தது. அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்ற அதிபர் ஆணை திருத்தப்பட்டு, 1968 முதல் பால் பாகுபாட்டுக்கும் பொருந்தியது. பல்கலைக்கழகங்கள் அரசு ஒப்பந்தம் பெறுபவை. அப்படியென்றால் ஆணை அவற்றுக்கும் பொருந்த வேண்டும். 1970 ஜனவரி 31 அன்று, பெண்கள் சமத்துவச் செயல் கழகம் என்ற அமைப்பின் வழியே முதல் புகார் போனது. ஏறத்தாழ 250 கல்வி நிறுவனங்கள்மேல் புகார்கள் குவிந்தன. அதே ஆண்டில் நாடாளுமன்ற உறுப்பினர் எடித் கிரீன் தலைமையில் விசாரணை நடந்தது. 1972 ஜூன் 23 அன்று, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடைசெய்த ஒன்பதாம் பிரிவு சட்டமானது.

காலியிடத்தை வெளிப்படையாக அறிவிப்பது, விண்ணப்பித்தவர் யார் யார் என்று பதிவு வைப்பது, தேர்வுக்குழு தன் முடிவுக்குக் காரணம் எழுதுவது எல்லாம் இத்தகைய புகார்களின் அழுத்தத்தால் பல்கலைக்கழகங்களில் பரவிய வழக்கங்கள். ஆக, இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் பார்த்த அந்த விளம்பரமே பெண்கள் வழக்காடிப் பெற்றது. அதிலுள்ள குறைகளைப் பேசும்போதும் இதை மறக்கக் கூடாது.

எது கணக்கில் வருகிறது

இன்று அமெரிக்காவில் பள்ளி உளவியலாளர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் பெண்கள். 500 மாணவருக்கு ஓர் உளவியலாளர் இருக்க வேண்டும் என்று அவர்களுடைய தேசியச் சங்கம் சொல்கிறது. நாட்டின் சராசரியில் ஒருவர் பார்ப்பது அதைப்போல இரு மடங்குக்கும் மேல். ஆட்கள் போதவில்லை. ஆட்களை உருவாக்கப் பேராசிரியர்கள் வேண்டும். அதற்குத்தான் மூத்த பதவிக்கான விளம்பரம். மணமானவளா என்று இன்று யாரும் கேட்பதில்லை; கேட்டால் சட்டம் இருக்கிறது. ஆனாலும் அளவுகோலைப் பார்க்க வேண்டும்.

ஆய்வு நிதியை டாலரில் எண்ணலாம். கட்டுரைகளை எண்ணலாம். அவற்றை மேற்கோள் காட்டியவர்களையும் எண்ணலாம். பயிற்சி மாணவியைப் பள்ளிக்கு அழைத்துப்போய், அழுகிற குழந்தையிடம் எப்போது பேச வேண்டும், எப்போது பேசாமல் உட்கார வேண்டும் என்று பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்த நேரத்துக்கு எண் இல்லை. தவறான வகுப்பில் போடப்பட்ட பிள்ளைக்காகப் பள்ளி வாரியத்தோடு வாதாடிய மாதங்களுக்கும் எண் இல்லை. சொந்தப் பிள்ளைக்காகவோ பெற்றோருக்காகவோ எழுதாமல் விட்ட ஆண்டுகள் மட்டும் பட்டியலில் வெற்றிடமாகத் தெரிகின்றன. எண்ண முடிந்தது தகுதி என்றும், எண்ண முடியாதது சேவை என்றும் பெயர் பெறுகின்றன. சேவை என்ற சொல் பெண்கள் பக்கமே சாய்கிறது என்பதை வீட்டிலிருந்தே அறிவோம்.

சேவைக்கும் மதிப்பெண் கொடு என்பது பாதி விடைதான். தேர்வுக்குழு விண்ணப்பத்தைத் திறக்குமுன் தீர்மானிக்க வேண்டியவை சில உண்டு. பள்ளியிலும் மருத்துவகத்திலும் கழிந்த ஆண்டுகளை எந்த அளவில் ஏற்போம்? விண்ணப்பிப்பவர் உருவாக்கிய மாணவர்கள் இப்போது எந்தப் பள்ளிகளில், எந்தக் குழந்தைகளோடு இருக்கிறார்கள் என்று கேட்போமா? அவருடைய வேலையால் பயனடைந்த பள்ளியின் ஆசிரியை ஒருவரும் பெற்றோர் ஒருவரும் தேர்வில் பேசலாமா? முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், குழு கடைசியில் தனக்குப் பழக்கமான முகத்தையே தேர்ந்தெடுக்கும். 1969இல் ஏழு இடங்களும் நிரம்பிய விதம் அதுதான்.

இதை வேலை வாய்ப்பில் நியாயம் என்ற அளவில் மட்டும் பார்த்தால் போதாது. ஹென்றி காரெட் துறைத்தலைவராக இருந்து பாடம் நடத்திய அதே நகரத்தில்தான், அறிவு குன்றியவர்களுக்கான வகுப்புகளில் கறுப்பினக் குழந்தைகள் காரணமின்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கண்டுபிடித்தவர் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளாத பெண். மேமி கிளார்க் பேராசிரியராக இருந்து, ஆண்டுக்குச் சில மாணவர்களை அந்தக் கண்ணோடு பயிற்றுவித்துப் பள்ளிகளுக்கு அனுப்பியிருந்தால், எத்தனை பிள்ளைகள் அந்த வகுப்புகளுக்குப் போகாமல் இருந்திருப்பார்கள் என்று கணக்கிட நம்மிடம் வழி இல்லை. பணி நியமனக் கோப்புகளில் அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கம் ஒதுக்கப்படுவதில்லை. நாம் அந்தக் கோப்புகளைப் படிக்கும்போது அவர்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.